மர்ஜான் கல்லல்ல

"ஹஸரத், மர்ஜானுக்கு உயிர் இருக்கா?"

எங்களூர்ப் பெண்கள் அரபுக் கல்லூரியில், 2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு காலை வேளையில், மூன்றாவது வரிசையில் இருந்து எழுந்த கேள்வி இது. சூரா அர்-ரஹ்மானின் 22ஆம் வசனத்தில் முத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் மர்ஜானுக்கு நான் பொருள் சொல்லிக்கொண்டிருந்தேன். முஃபஸ்ஸிர்களில் சிலர் அதனைச் சிறிய முத்து என்பர், வேறு சிலர் சிவந்த பவளம் என்பர் என்றெல்லாம் விளக்கி, "பவளம் என்றால் கடலில் விளையும் ஒரு கல்" என்று முடித்திருந்தேன். இருபது வருடங்களாக இப்படித்தான் முடித்து வருகிறேன். ஒருவரும் கேட்டதில்லை.

"கல்லுக்கு ஏது மகள் உயிர்? இருங்க" என்றேன்.

மறுநாள் அந்தப் பிள்ளை தம்பியின் விஞ்ஞானப் புத்தகத்தைக் கொண்டுவந்து, மிகுந்த பணிவோடு, மேசையில் விரித்து வைத்தாள். பவளம் ஒரு விலங்கு. கடுகு அளவிலும் மிளகு அளவிலும் ஆயிரமாயிரம் சின்ன உயிர்கள் ஒன்றாக ஒட்டி வாழ்கின்றன. கடல்நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பை எடுத்துத் தமக்குக் கீழே வீடு கட்டிக்கொள்கின்றன. நாம் கல் என்று சொல்வது அந்த வீட்டைத்தான். ஆபரணத்துக்கு எடுக்கும் செம்பவளம் மத்தியதரைக் கடலில் வளர்கின்ற வேறோர் இனம், நம் கடலில் உள்ளது வேறு. ஆனால் இரண்டும் உயிருள்ளவையே.

வகுப்பில் சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் மனத்தில் அது தைத்துக்கொண்டே இருந்தது. கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். கடலைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன். கடல் பக்கமே போவதில்லை.

புலூகுல் மராம் கிதாபின் முதல் ஹதீஸே கடலைப் பற்றியதுதான். கடலில் பயணம் போகும் ஒருவர், கொண்டுபோகும் கொஞ்ச நீரில் வுழு செய்தால் குடிக்க இராதே, கடல்நீரில் வுழு செய்யலாமா என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்க, அதன் நீர் தூய்மையானது, அதில் செத்தவையும் ஹலால் என்ற கருத்தில் பதில் கிடைக்கிறது. வருடந்தோறும் புதிய வகுப்புக்கு நான் ஆரம்பிக்கும் பாடம் இது. ஆனால் 2004க்குப் பிறகு கடல்நீரில் நான் ஒரு தடவையாவது வுழு செய்ததில்லை.

அன்று அஸருக்குப் பிறகு கிண்ணியாவில் இருக்கும் என் நண்பருக்குத் தொலைபேசி எடுத்தேன். மலைநாட்டில் ஓர் அரபுக் கல்லூரியில் இருவரும் ஒன்றாக ஓதியவர்கள். ஐந்தாம் வருடத்தில் அவரின் வாப்பா மௌத்தாகிவிட, ஓதலை விட்டுவிட்டு மீன் வியாபாரத்துக்குப் போய்விட்டார். நான் பட்டம் பெற்றேன். இன்றைக்கும் என்னைக் கேலி செய்யத்தான் "மௌலவி" என்று கூப்பிடுவார்; கேலி இல்லாதபோது மச்சான்.

"நிலாவெளிக்கு வா மச்சான். புறாத்தீவுக்குப் போவம். கண்ணால பாத்துட்டுப் போய் அந்தப் புள்ளக்கிச் சொல்லு" என்றார்.

பத்து வருடங்களாக அவர் இப்படிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். அந்தத் தடவை மட்டும் சரி என்று சொல்லிவிட்டேன்.

மனைவியிடம் சொன்னேன். உம்மாவிடம் சொல்லவில்லை. திருகோணமலையில் ஒரு கருத்தரங்கு என்றும் சொல்லவில்லை, பொய் சொல்லக்கூடாதல்லவா? "கிண்ணியாக் கூட்டாளியைப் பார்த்துட்டு வாறன் உம்மா" என்றேன். அது பொய்யில்லைதான். முழு உண்மையும் இல்லை என்பது எனக்கும் தெரியும்.

ஏன் மறைத்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் பகுதி வழக்கம் இதை வாசிக்கும் கிழக்குச் சகோதரிகளுக்குத் தெரியும். பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். வயதான காலத்தில் உம்மா மகளோடுதான் இருப்பார். என் ராத்தாவுக்கு வாப்பா கட்டிக் கொடுத்த வீடு கடலோரம். காணி அங்கேதான் கிடைத்தது. காற்றும் நல்லம் என்று உம்மாவுக்கு அந்த வீட்டில் ஒரு பெருமை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நான் மலைநாட்டில் முதல் வருட ஆசிரியனாக இருந்தேன். செய்தி கேட்டு, கிடைத்த வாகனங்களில் ஏறி இறங்கி ஊர் வந்துசேர இரண்டு நாள் ஆனது. ராத்தாவின் ஜனாஸா மூன்றாம் நாள் கிடைத்தது. ஜனாஸாவே கிடைக்காத குடும்பங்கள் எத்தனையோ ஊரில் இருந்தன. எங்களுக்கு அடக்கம் செய்ய ஒரு கப்றாவது இருக்கிறது. அதற்குப் பிறகு உம்மா என்னோடு, அதாவது தன் மருமகளின் வீட்டில், இருக்கிறார். அந்த வீடு கடலில் இருந்து தூரம். உம்மா கடல் பக்கமாகத் திரும்பியும் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டில் கடல் என்ற சொல்லே புழங்குவதில்லை. மீன் வாங்கும்போது கூட "சந்தையில இருந்து" என்றுதான் சொல்லுவோம்.

எனக்கு நீந்தத் தெரியும். ராத்தாவுக்குத் தெரியாது. ஒரே வீட்டில் பிறந்த இருவர். நான் ஆண்பிள்ளை என்பதால் கல்லூரிக்கருகே ஓடிய ஆற்றில் இந்தக் கிண்ணியா நண்பர் உஸ்தாதுமாருக்குத் தெரியாமல் எனக்கு நீச்சல் பழக்கினார். ராத்தாவுக்கு யார் பழக்குவது? அந்தப் பேரலையில் ஆண்களைவிடப் பெண்களும் பிள்ளைகளும் அதிகமாக இறந்தார்கள் என்பது பின்னர் எல்லோரும் கண்ட உண்மை. நீந்தத் தெரியாமை அதற்கான காரணங்களில் ஒன்று. தம்மோடு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஓடியது இன்னொன்று. அந்த அலைக்கு முன்னால் நீச்சல் தெரிந்தும் என்ன பயன் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கலாம். கத்ர் அல்லாஹ்வின் கையில். ஆனாலும் இரவில் தூக்கம் வராதபோது எனக்கு வரும் கணக்கு அதுவல்ல.

ஓகஸ்ட் விடுமுறையில் புறப்பட்டேன். மட்டக்களப்பு, வாழைச்சேனை, வெருகல், மூதூர் வழியாகக் கிண்ணியாவுக்குப் பஸ். முந்தி ஒவ்வொரு ஆற்றிலும் இறங்கிப் பாதையில் ஏறிக் கடக்க வேண்டியிருந்த வழி இது. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. 396 மீற்றர் நீளம். மாணவனாக நான் நண்பரின் வீட்டுக்குப் போன காலத்தில் பாதைக்குக் காத்திருந்தே ஒரு நேரத் தொழுகை முடிந்துவிடும். இப்போது இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

நண்பரின் வீட்டில் இரவு பாரை மீன் ஆணமும் சோறும். அவரது மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் நன்றாக நீந்துவார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியவந்தது. சுபஹுக்குப் பிறகு, ஆளரவம் இல்லாத கரையில், முழு உடுப்போடு அவரே பழக்கியிருக்கிறார். "மீன்காரன் ஊட்டுப் புள்ளைக்கி நீந்தத் தெரியாட்டி அது மீனுக்கே வெக்கம்" என்றார். உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

காலையில் நிலாவெளிக்குப் போய்ச் சேர்ந்தோம். கிழக்குக் கரையில் கடலுக்குப் போக இதுதான் காலம். ஏப்ரல் கடைசியில் இருந்து செப்ரெம்பர் வரை கடல் தட்டில் ஊற்றிய நீர்போலக் கிடக்கும். வாடைக்காற்று தொடங்கிவிட்டால், நவம்பர், டிசம்பரில், மீன்காரரே வலையை உலர்த்திவிட்டு வீட்டில் இருப்பார்கள். புறாத்தீவு கரையில் இருந்து ஒரு கிலோமீற்றர் தூரம். பெரிதும் சிறிதுமாக இரண்டு தீவுகள். மாடப்புறாக்கள் பாறைகளில் கூடு கட்டுவதால் அந்தப் பெயர். 1963இல் சரணாலயமாக்கப்பட்டு, 2003இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வனசீவராசிகள் திணைக்களத்தின் கருமபீடத்தில் சீட்டு எடுத்துக்கொண்டு போட்டில் ஏற வேண்டும்.

போட்டில் ஏறும்போது என் கால் நடுங்கியது. நண்பர் கண்டிருப்பார், ஒன்றும் சொல்லவில்லை. எஞ்சின் சத்தத்தில் நான் ஓதிய துஆ எனக்கே கேட்கவில்லை.

தீவின் கரையில் மணலைவிடப் பவளத் துண்டுகள்தான் அதிகம். செத்து, உடைந்து, வெயிலில் வெளுத்து, எலும்புக் குவியல்போல. நடந்தால் கலகலவென்று ஓட்டுச் சில்லுகள் மாதிரிச் சத்தம். அந்த மாணவிக்குக் கொடுக்கலாம் என்று விரல் போன்ற ஒரு துண்டைப் பொறுக்கிச் சட்டைப் பைக்குள் போட்டேன். "வைச்சிட்டு வா மௌலவி. இங்க இருந்து ஒரு துண்டும் எடுத்துப் போக ஏலாது, சட்டம்" என்றார் நண்பர். அமானிதத்தைப் பற்றி வெள்ளிக்கிழமை மிம்பரில் முழங்கும் நான், சின்னப் பிள்ளைபோல எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

இப்போது அந்தக் கருவிகளைப் பற்றிக் கொஞ்சம். முகத்தை மூக்கோடு சேர்த்து மூடுகின்ற ஒரு கண்ணாடி. வாயில் கடித்துக்கொள்ள ஒரு குழாய், 'ஸ்நோர்க்கல்' என்பார்கள். காலுக்கு வாத்துப் பாதம்போல இரண்டு றப்பர்த் துடுப்புகள். ஒரு மிதவைச் சட்டை. நீர்மட்டத்தில் குப்புறப் படுத்து, முகத்தை நீருக்குள் வைத்துக்கொண்டு, குழாயின் மேல்நுனி வழியாக மூச்சு எடுப்பது. ஆழத்துக்குப் போகத் தேவையில்லை. குழாயை இன்னும் நீளமாக்கினால் ஆழத்துக்கும் போகலாமே என்று நான் புத்திசாலித்தனமாகக் கேட்டேன். முடியாதாம். கொஞ்சம் கீழே போனாலே நீரின் அழுத்தம் நெஞ்சை விரியவிடாது. விட்ட மூச்சும் நீண்ட குழாய்க்குள் தங்கி, அதையே திரும்ப இழுக்க வேண்டிவரும். அதனால்தான் குழாய் ஒரு முழத்துக்கு மேல் இருப்பதில்லை.

எனக்கு இரண்டு கவலைகள் இருந்தன. ஒன்று தாடி. நீர் உள்ளே வராதா? போட்காரர் சிரித்தார். கண்ணாடியின் விளிம்பு மேலுதட்டில் முடிந்துவிடும்; தாடியால் தொந்தரவில்லை, மீசையால்தானாம். அடர்ந்த மீசைக்காரருக்கு வஸ்லின் பூசிவிட வேண்டுமாம். "ஒங்களுக்கு மீசை கத்தரிச்சித்தானே இருக்கு, ஒரு சொட்டும் வராது" என்றார். ஒரு சுன்னத்துக்கு இப்படியும் ஒரு பயன் இருக்கிறதென்று எந்தக் கிதாபிலும் நான் படிக்கவில்லை. மற்றக் கவலை மூக்குக்கண்ணாடி. அதைக் கழற்றினால் தூரத்தில் உள்ளது எனக்கு மங்கல். ஆனால் நீருக்குள் எல்லாமே அருகிலும், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும் என்பதால் கொஞ்சக் குறை உள்ள கண்ணுக்குப் பெரிய சிரமம் இல்லை. உள்கண்ணாடியில் எச்சிலைத் தடவிக் கழுவினால் ஆவி படியாது. அதையும் செய்தேன். நீண்ட கைச் சட்டையும் முழங்காலுக்குக் கீழே இறங்கிய காற்சட்டையும் போட்டிருந்தேன்.

இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு முகத்தை வைத்தேன். ஒரு கணம்தான். மூச்சு நின்றுவிட்டது. குழாய் வாயில் இருக்கிறது, காற்று வருகிறது, ஆனால் நெஞ்சு அதை ஏற்க மறுக்கிறது. அடித்துப் பிடித்து நிமிர்ந்தேன். பிறகும் வைத்தேன், பிறகும் நிமிர்ந்தேன். மூன்றாம் தடவை உப்புநீர் தொண்டைக்குள் போய்விட்டது. இருமி இருமிக் கண்ணில் நீர் வந்தது. அந்த உப்பு நாக்கில் பட்டதும் நினைவு வந்தது ஒன்றுதான்: ராத்தா கடைசியாக ருசித்ததும் இதுதானே.

"போதும், போவம்" என்றேன்.

நண்பர் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கரையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ளுஹா தொழுவமா?" என்றார். குடிநீர்ப் போத்தலை வுழுவுக்காக எடுத்தேன். அவர் கையைப் பிடித்துத் தடுத்து, கடலைக் காட்டினார். கண்ணில் அந்தப் பழைய கேலி. "முதலாம் ஹதீஸ், மௌலவி."

கடலோரம் குந்தியிருந்து கையைக் கழுவினேன், வாய் கொப்பளித்தேன், மூக்குக்கும் முகத்துக்கும் எடுத்தேன். இளம்சூடான நீர். சின்ன அலை ஒன்று வந்து காலை அதுவாகவே கழுவிவிட்டுப் போனது. பவளத் துண்டுகளுக்கு மேலே துவாயை விரித்து இருவரும் தொழுதோம். சுஜூதில் நெற்றியில் துண்டுகள் குத்தின. அந்தத் தொழுகையில் என்ன கேட்டேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

பிறகு எழுந்து போனேன். இந்தத் தடவை அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆற்றில் பழக்கிய அதே பிடி; மணிக்கட்டுக்கு மேலே. "எண்ணு. நாலு எண்ணி இழு, நாலு எண்ணி விடு" என்றார். நான் எண்ணவில்லை. ஸுப்ஹானல்லாஹ் என்று இழுத்து, அல்ஹம்துலில்லாஹ் என்று விட்டேன். அது எனக்குப் பழகிய அளவு. பத்துத் தடவைக்குள் நெஞ்சு அடங்கிவிட்டது. கால்கள் தாமாகவே தரையை விட்டன.

சகோதரிகளே, அதற்குப் பிறகு கண்டதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கரையில் வெளுத்த எலும்பாய்க் கிடந்ததன் உயிர் வடிவம் எனக்குக் கீழே ஒரு பாகத் தூரத்தில் இருந்தது. மான்கொம்புபோலக் கிளைவிட்டது ஒரு வகை. மேசைபோல அகன்றது இன்னொன்று. மூளைபோல மடிப்பு மடிப்பாய் உருண்டது வேறொன்று. மஞ்சள் சேர்ந்த மண்நிறம், இளம்பச்சை, நுனியில் மட்டும் ஊதா. இந்த நிறங்களில் பெரும்பகுதி பவளத்தினுடையதல்லவாம். அதன் உடலுக்குள் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசியினுடையது. பாசி வெயிலில் உணவு சமைத்துப் பவளத்துக்குக் கொடுக்கிறது, பவளம் பாசிக்குத் தங்க இடம் கொடுக்கிறது. கடல் வழமையை மீறிச் சூடானால் அந்த உறவு முறிந்து பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்து, சூடு நீடித்தால் பட்டினியில் செத்துவிடும். 1998இல் அப்படித்தான் ஹிக்கடுவையிலும் கற்பிட்டிப் பக்கத்திலும் பவளங்கள் பெருமளவில் அழிந்தன. திருகோணமலைப் பக்கம் அந்தத் தடவை பெரும்பாலும் தப்பியது. நான் பார்த்தது அப்படித் தப்பியதன் மிச்சம்.

மீன்கள் என்னைப் பார்த்து ஒதுங்கவில்லை. வரிவரியாய் மஞ்சளும் கறுப்பும் கொண்டவை தட்டையாய் என் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்று பார்த்துவிட்டுப் போயின. பச்சையும் நீலமும் கலந்த கிளிமீன் ஒன்று, பெயருக்கேற்ற அலகால் பாறையை நறுக் நறுக்கென்று கொரித்தது. அந்தச் சத்தம் நீருக்குள் எனக்குத் தெளிவாகக் கேட்டது. கொரித்த சுண்ணாம்பை அது வெண்மணலாகக் கழிக்கும். பவளக் கடற்கரைகளின் வெள்ளை மணலில் இந்த மீனின் பங்கும் உண்டு.

சத்தம் என்றதும் இன்னொன்று. கடலுக்குள் மௌனமாய் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. நீருக்குள் காது போனதும் எல்லாத் திசையிலும் இருந்து சடசட, பொடபொட என்று ஓயாத ஓசை. சூடான எண்ணெயில் எதையோ பொரிப்பது போல. ஒருவகைச் சின்ன இறால்கள் கொடுக்கைச் சொடுக்கும் சத்தமாம் அது. அந்தச் சடசடப்பும் என் மூச்சும் தவிர வேறொன்றும் இல்லை. அலைபேசி இல்லை, பாட அட்டவணை இல்லை, சங்கக் கூட்டம் இல்லை. உடம்புக்கு நிறையே இல்லை. நாற்பத்து நாலு வயதில், தொப்பை போட்ட ஒரு மௌலவி, வாய்க்குள் குழாயோடு சிரித்தால் என்ன ஆகும்? கண்ணாடியின் விளிம்பு நெகிழ்ந்து நீர் உள்ளே வரும். வந்தது. எழுந்து ஊற்றிவிட்டு மறுபடியும் சிரித்தேன்.

தீவின் மறுபக்கத்துக்குப் போனோம். அங்கே ஆழம் குறைந்த நீரில் சுறா. ஆளளவுக்கும் குறைந்தவை, முதுகுச் செட்டையின் நுனி மையில் தோய்த்தது போலக் கறுப்பு. மனிதரைக் கண்டால் விலகிப் போகிற இனம் என்று நண்பர் முன்பே சொல்லியிருந்தார். எனக்குப் பயமே வரவில்லை என்றால் அது பொய். ஆனால் அது திரும்பிய விதம்! ஒரு வளைவில், ஒரு சலனமும் இல்லாமல், எழுத்தணிக்காரர் எழுதும் நூன் எழுத்துப்போல. பயந்துகொண்டே, பார்த்துக்கொண்டேயிருந்தேன்.

ஒரு காட்சி மட்டும் மனத்தைக் கெடுத்தது. எங்களுக்குப் பிறகு வந்த கூட்டத்தில் ஓர் இளைஞர், களைப்பாறவென்று பவளத்தின் மேலே ஏறி நின்றார். மான்கொம்பு ஒன்று முறிந்தது. கிளை விரிக்கும் பவளம் வருடத்துக்கு விரற்கடைக் கணக்கில்தான் வளரும்; உருண்டை வகைகள் அதையும்விட மெதுவாக. எங்கள் சின்ன வயதில் மூத்தம்மாவின் வெற்றிலைத் தட்டத்தில் இருந்த சுண்ணாம்பும், பழைய வீட்டுச் சுவர்களுக்குப் பூசிய சுண்ணாம்பும் பெரும்பாலும் கடலில் இருந்து பெயர்த்துச் சூளையில் சுட்டதுதான். கிழக்கிலும் தெற்கிலும் அது ஒரு தொழிலாகவே நடந்தது. பிறகு சட்டத்தால் தடுக்கப்பட்டது. அவர்களும் என்னைப் போல அதைக் கல் என்றுதான் நினைத்திருப்பார்கள். நண்பர் அந்த இளைஞரிடம் மெதுவாகப் போய் ஏதோ சொன்னார். அவர் மன்னிப்புக் கேட்டு இறங்கிவிட்டார்.

பதினொரு மணிக்குத் திரும்பினோம். போட்டில் வரும்போது நண்பரிடம், "ஒன்ட பொண்டாட்டி புள்ளைகளுக்கு இதெல்லாம் காட்டியிருக்கியா?" என்று கேட்டேன். "மூணு தரம்" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குப் பதின்மூன்று வயதில் ஒரு மகள் இருக்கிறாள்.

விடுமுறை முடிந்து வகுப்புக்குப் போனதும், அந்த மாணவியை எழுப்பி, "மகள், மர்ஜானுக்கு உயிர் இருக்கு. நான் பார்த்தேன். முந்தி நான் சொன்னது பிழை" என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. பாடத்தை விட்டுவிட்டு ஒரு மணித்தியாலம் கேள்வி கேட்டார்கள். கடைசியில் ஒரு பிள்ளை, "பொம்பிளைகளும் போகலாமா ஹஸரத்?" என்றாள். ஒதுக்கமான நேரமும், மறைப்பான உடையும், துணைக்கு மஹ்ரமும் இருந்தால் தடுக்க எனக்கு ஆதாரம் எதுவும் தெரியாது என்றேன். ஆனால் முதலில் நீந்தத் தெரிய வேண்டும். எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டேன். நாற்பது பேரில் ஒரு கைகூட உயரவில்லை. கடலோர ஊர்.

உம்மாவின் கதைக்கு வருகிறேன். அதை நான் வீடு வந்த அன்றிரவே சொல்லியிருக்க வேண்டும்.

குப்புறப் படுத்தே கிடந்ததால் வெயில் என் பிடரியையும் கெண்டைக்கால்களையும் வாட்டியிருந்தது. நீரின் குளிரில் சுட்டது தெரியவில்லை. இஷாவுக்குப் பிறகு சட்டையின் கழுத்துப் பட்டி பட்டதும் முகம் சுளித்தேன். உம்மா பார்த்துவிட்டார். ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் தேங்காயெண்ணெய்ப் போத்தலோடு வந்தார்.

"குனி."

குனிந்தேன். விரலால் எண்ணெயைத் தொட்டுத் தடவினார். கொஞ்ச நேரத்தில் விரல் நின்றது.

"தலமயிர்ல உப்புக் கிடக்கு. கடலுக்குள்ள போனயா மகன்?"

"ஓம் உம்மா."

திட்டுவார், அழுவார் என்று காத்திருந்தேன். விரல் மறுபடி அசையத் தொடங்கியது. அறைக்குள் மகள் பாடம் செய்துகொண்டிருந்தாள். இப்போது பென்சில் சத்தம் கேட்கவில்லை.

"உள்ளுக்கு எப்புடி இருக்கு?"

பத்தொன்பது வருடங்களில் உம்மா கடலைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி. வெளிச்சமாய் இருக்கு உம்மா என்றேன். மீன்களைச் சொன்னேன். பவளத்தைச் சொன்னேன்.

"இருட்டில்லையா?"

"இல்ல உம்மா. வெயில் உள்ளுக்கும் வருது."

"சத்தம்?"

"எண்ணெய்ச் சட்டியில பொரிக்கிற மாதிரி உம்மா. சடசடண்டு. அடுப்படியில நிக்கிற மாதிரி இருக்கு."

உம்மா வெகுநேரம் பேசவில்லை. போத்தலை மூடிவைத்துவிட்டு, அறையின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அவளுக்கு நீந்தத் தெரியுமா?" என்றார்.

"இல்ல உம்மா."

"மத்தக் காலக் காட்டு" என்றார்.